குற்றாலப் பேருந்துச் சுற்றுலா: வரிசையை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சாரல் தொடங்கியதும் 'குற்றாலம் – பத்தமடை – நெல்லை, இரண்டே நாளில்' என்ற பேருந்துச் சுற்றுலா விளம்பரங்கள் வந்துவிடும். ஊர்களில் குறையில்லை, போகும் வரிசைதான் கெடுக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கூட்டம் நெரியும் வேளையில் பேரருவியில் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் நெல்லையப்பர் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் நடை சாத்திவிடுகிறது. இனி மாலையில்தான் திறப்பார்கள். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அல்வாவோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இதையே தலைகீழாகப் போட்டால் எல்லாம் சரியாக அமையும். விடியலில் நெல்லையில் இறங்கி நெல்லையப்பர் தரிசனம். பிறகு ஆலங்குளம் சாலையை விட்டுவிட்டு அம்பாசமுத்திரம் சாலையைப் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய 20 கி.மீ. கூடும், ஆனால் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை அந்த வழியில்தான் இருக்கிறது. மாலை தென்காசி காசி விசுவநாதர் கோயில். பராக்கிரம பாண்டியன் கட்டிய இக்கோயிலின் இன்றைய ராஜகோபுரம் 1990இல் குடமுழுக்கு கண்டது. இரவு குற்றாலத்தில் தங்கினால், ஞாயிறு வெளிச்சம் வரும்போதே அருவியில் நிற்கலாம்.

பத்தமடைக்கு ஒதுக்கும் கால் மணி நேரம் கடையில் பேரம் பேசவே போதாது. குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையிலேயே கீறிக் காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்திச் சாயமேற்றுகிறார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே போகும் ஊடை கோரை. ஊசி போன்ற நீண்ட குச்சியில் ஒவ்வொரு கோரையாகக் கோத்து இழுக்கிறார்கள். 100 கவுண்ட்டுக்கு (நெசவின் நுண்மையைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மணமக்கள் பெயர் நெய்த பாய் உடனே கிடைக்காது, பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதால், ஐம்பது பேரும் ஒன்றாக நுழையாமல் பத்துப் பத்துப் பேராகப் போவதே மரியாதை.

அருவி விஷயத்தில் விளம்பரங்கள் பேசாத ஒன்று உண்டு. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டினால் நிமிடங்களில் வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனின் உயிர் போனது இப்படித்தான். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வரத் தொடங்கினால் அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேறிவிட வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது குளிக்கத் தடை போடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் எப்போதும் தடைதான். பேருந்திலேயே இதைச் சொல்லிவிட்டால் அங்கே வாக்குவாதம் மிச்சம்.

தடை நாளில் அறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. பேரருவிக்குப் பக்கத்திலேயே திருக்குற்றாலநாதர் கோயிலும், சுவரெங்கும் ஓவியம் நிறைந்த சித்திரசபையும் இருக்கின்றன. நடராசரின் ஐந்து சபைகளில் நெல்லையின் தாமிரசபையும் இதுவும் ஒரே பயணத்தில் கிடைப்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, ஆச்சரியம்தான்.

கட்டணம் வாங்கும்போதே, அருவியில் தடை வந்தால் மாற்றுத் திட்டம் என்ன, பணம் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். சுற்றுலாத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– சுற்றுலா வழிகாட்டிகள் சிலர், தென்காசி