பாப்பாவுக்கு, ஒன்பதரை வண்டி விஷயமாக

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ போன் செய்தால்தானே நிச்சயமாகத் தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தம்பி விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

நீங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டதாம். இரவு ஒன்பதரை டிரிப்பில் ஆள் ஏறுவதில்லை, அதனால்தான் நிறுத்தினோம் என்று. உன் சிநேகிதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிப்போவில் டைம் கீப்பராகவே காலத்தை ஓட்டியவன் வீட்டில் இருக்கும்போது பஸ் விஷயத்தை வேறு யாரிடம் கேட்பாய்? சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஆள் ஏறுவதில்லை என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. கண்டக்டர் கொடுத்த டிக்கெட் மட்டும்தான் டிப்போவுக்குத் தெரியும். வந்து நின்று, பொறுத்துப் பார்த்து, ஆட்டோவிலோ யார் வண்டியிலோ போய்விட்டவர் எந்தத் தாளிலும் வரமாட்டார். 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார். ஒன்றுவிட்டு ஒரு வண்டியை எடுத்துவிட்டால் 20 நிமிடம். அப்போது பாதிப் பேர் வேறு வழி தேடிக்கொள்வார்கள். கலெக்‌ஷன் விழும். கலெக்‌ஷன் இல்லை என்று அடுத்த டிரிப்பையும் எடுப்பார்கள். இப்படியே தேய்ந்து நின்றுபோன ரூட்டுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அதனால் நிற்கிறவர்களை நீங்கள் எண்ணுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போதும்: நேரம், நின்றவர்கள், ஏறாமல் போனவர்கள். மழை நாளை விடக்கூடாது. வண்டியே வராத நாளையும் எழுத வேண்டும். ஒரே ஆள் எழுதினால் நம்பமாட்டார்கள், மாற்றி மாற்றி எழுதுங்கள். ராத்திரி முறையை நீ எடுத்துக்கொள்ளாதே. அந்த ஸ்டாப்பில் விளக்கு எரிகிறதா?

மனு நகலைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், உன் எழுத்தைப் பார்த்ததும் பெருமையாக இருந்தது. முகம் தெரியாத ஊரில் கதவைத் தட்டித் தட்டி இத்தனை கையெழுத்து வாங்குவது லேசான காரியம் இல்லை. ஆனால் ஒரே தாளில் ஏழு கோரிக்கையா? நிழற்குடை, மினி பஸ், விளக்கு, புது ரூட் என்று எல்லாவற்றையும் கேட்டால், நிழற்குடையைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒன்றை மட்டும் கேள். அதுவும் புது பஸ் கேட்காதே. புது பஸ் என்றால் வண்டி, டிரைவர், கண்டக்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதி வேண்டும். ராத்திரி டூட்டி முடிந்து வண்டிகள் காலியாக டிப்போவுக்குத் திரும்பும். டெட் கிலோமீட்டர் என்போம். டீசல் எப்படியும் எரிகிறது, டிரைவரும் கண்டக்டரும் உள்ளேதான் இருக்கிறார்கள். அதில் ஒன்றை உங்கள் ரோடு வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிக் கேள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற ஊரில் கறுப்பர்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு என்றதும், வெள்ளையருக்கு சீட்டை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸைத்தான் எல்லாரும் சொல்வார்கள், சரிதான். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1954 மே மாதம், ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை அந்த ஊர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளையர் பகுதியில் ஒவ்வொரு தெரு முனையிலும் நிற்கும் பஸ், கறுப்பர் பகுதியிலும் அப்படியே நிற்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. சில இடங்களில் இப்போது முன்னைவிடக் கூடுதலாக நிற்கிறது, சந்தோஷம் என்றும் எழுதினார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள், அவர்கள் ஏறாவிட்டால் பஸ்ஸே ஓட முடியாது என்பதையும் எழுதினார். மரியாதையாக எழுதிய கடிதம்தான், ஆனால் எண்ணிக்கையைச் சொல்லி எழுதினார். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதான இரவே ஆயிரக்கணக்கில் துண்டுச்சீட்டு அடித்ததும் அவர்தான். பிறகு 381 நாள் ஜனங்கள் பஸ் ஏறவில்லை. உன் மனு ஒருமுறை திரும்பி வந்ததற்கு நீ யாரோடும் பேசாமல் இருந்தால் எப்படி?

கூட்டத்துக்கு இப்போது ஆள் வருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். 1978 ஜூலையில் அதே அமெரிக்காவில், டென்வர் நகரத்தில் சக்கர நாற்காலியோடு பஸ்ஸை மறித்து ராத்திரி முழுக்க ரோட்டில் இருந்தவர்கள் 19 பேர்தான். புது பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏற வசதி இருந்தே ஆக வேண்டும் என்று 1990இல் அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அதற்காக நீ ரோட்டில் போய் உட்காராதே. நோட்டுப் போட்டு எண்ணு, அது போதும்.

ஒன்பதரை வண்டிக்கு யார் யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஷிப்ட் மாறும் நர்ஸுகள், கடை அடைத்துவிட்டு வருகிறவர்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள். அப்புறம் நீ. உனக்கு வேலை முடிவது ஒன்பதே காலுக்கு. அந்த வண்டி நின்றதிலிருந்து நீ எப்படி வீட்டுக்குப் போகிறாய்? பாலத்துக்கு அடியில் நடந்தா? துணைக்கு யாராவது வருகிறார்களா? வண்டி நின்ற விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் அவள் தூங்கமாட்டாள். எந்த நேரமானாலும் சரி, வீட்டுக்குள் போனதும் எனக்கு ஒரு போன் போடு. நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நோட்டை அப்படியே அதிகாரியிடம் கொடுத்துவிடாதே. நகல் எடுத்துக் கொடு, உன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்.