பெல்ட் மாற்றியும் தீராத டர்ன்டேபிள் கோளாறு: புகார் கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாரண்டியில் பழுது பார்த்து வந்த டர்ன்டேபிளில் மீண்டும் அதே கோளாறு

ஐயா / அம்மா,

உங்கள் பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளை (மோட்டார் ரப்பர் பெல்ட் மூலம் தட்டைச் சுழற்றும் ரெக்கார்டு பிளேயர்) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பாட்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறது, சுருதி நிற்கவில்லை என்று வாரண்டியில் அனுப்பினேன். புது பெல்ட் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. போன் செய்து கேட்டால், "ரெக்கார்டு வளைந்திருக்கும்" என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

ரெக்கார்டு வளைந்திருந்தாலோ, நடுத்துளை விலகியிருந்தாலோ சுருதி சுற்றுக்குச் சுற்று, 1.8 விநாடிக்கு ஒரு தடவை, ஒரே சீராக ஏறி இறங்கும். இங்கே அப்படி இல்லை. பியானோவில் நீட்டி ஒலிக்கும் சுரம் எங்கோ ஓரிடத்தில் தொய்கிறது, அப்புறம் தானாக நிமிர்கிறது. நான்கு ரெக்கார்டுகள் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சரி, எண்ணியே பார்ப்போம் என்று சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். ஒரு தடவை 97 வந்தது, அடுத்த தடவை 95. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் சுழற்றினேன். அச்சைத் தாங்கும் பேரிங் நன்றாக இருந்தால் வெகுநேரம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். இது நாலே சுற்றில் நின்றுவிட்டது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் அச்சில் எண்ணெய்ப் பசையே இல்லை. மை போலக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. துடைத்ததும் அச்சைச் சுற்றி ஒரு கீறல் தெரிந்தது. நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. அச்சு இப்படிப் பிடித்தால் எந்த பெல்ட்டும் வழுக்கத்தான் செய்யும்.

பெல்ட்டை மாற்றியவர் ஒரே ஒரு முறை தட்டைக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதுதான் என் வருத்தம்.

இன்னொன்று: தட்டைக் கழற்றாமலே பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தீர்கள். வழியில் பெட்டி வாங்கும் ஒவ்வொரு அடியும் அந்த அச்சின் மேல்தான் விழும்.

அச்சையும், அது உள்ளே நின்று சுழலும் குழலான புஷ்ஷையும் சேர்த்து மாற்றித் தாருங்கள். எண்ணெய் மட்டும் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு அந்தக் கீறல் புஷ்ஷை அரித்துவிடும். மாற்ற முடியாது என்றால் வேறு இயந்திரம் வேண்டும். அனுப்பும் முன் வேகத்தை அளந்து, எத்தனை வந்தது என்று எழுதி வையுங்கள். தட்டைத் தனியாகச் சுற்றிக் கட்டுங்கள்.

சுற்று எண்ணிய வீடியோவும் அச்சின் படமும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்