டைல்ஸின் முதுகையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானின் டோக்கோனாமே நகரில் 1997 முதல் இயங்கும் உலக டைல்ஸ் அருங்காட்சியகம், கீழ்த்தளத்தைப் புதுப்பித்தபோது செய்த ஒரு காரியம் மெச்சத்தக்கது. பல நாட்டு அலங்கார டைல்ஸைச் சட்டம் போட்டு மாட்டியதோடு விடாமல், அவை பதிந்திருந்த சுவரையும் குவிமாடத்தையும் திரும்பக் கட்டிக் காட்டுகிறார்கள். டைல்ஸ் தனிப் படமன்று, சுவரின் தோல்.

முதுகைப் பார்த்தால் இது விளங்கும். எகிப்தில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அடியில் பதித்த நீலப்பச்சைச் சில்லுகளின் பின்புறம் ஒரு முண்டு இருக்கும், அதில் கயிறு கோக்கத் துளையும் இருக்கும். மொராக்கோவில் கையால் செதுக்கி ஒட்டுச் சித்திரமாகப் பதிக்கும் செல்லிஜ் டைல்ஸ் துண்டுகளின் ஓரம் பின்பக்கம் சரிந்திருக்கும். அப்படிச் செதுக்கினால்தான் முன்பக்கம் இடைவெளியின்றி ஒட்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் மின்னும் ஆறங்குல ஜப்பானிய டைல்ஸும் இதே குடும்பம்தான். (சுடாமல் செய்யும் ஆத்தங்குடிக் கல் வேறு.) பூ புடைத்த இடத்தில் நிறம் வெளிறியும், பள்ளத்தில் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) தேங்கிக் கருத்தும் இருக்கும். பலவற்றின் முதுகில் 'மேட் இன் ஜப்பான்' முத்திரை இருக்கும். இப்போது இவற்றைப் பெயர்த்து ஒற்றை ஒற்றையாக விற்கிறார்கள். வீடு நிற்கும்வரை பெயர்க்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சுவரிலேயே காப்பதற்கு முதல் எதிரி ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவரும். கிளேஸ் வழியே ஈரம் ஆற முடியாததால் உப்பு அதன் அடியிலேயே பூத்து, செதில் செதிலாகத் தூக்கிவிடும். இதற்குச் சிமென்ட் பூசுவது கெடுதலைக் கூட்டும். சுற்றிலும் ஆறவிடாமல் அடைத்து, ஈரத்தை டைல்ஸ் பக்கமே தள்ளும். இணைப்புகளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல் போதும். புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். ஈயம் கலந்த பழைய கிளேஸ் மங்கிவிடும், காரையும் கரையும்.

வீடு இடிபடுவது உறுதி என்றால் மட்டும் கழற்றுங்கள். முதலில் சுவரைப் படமெடுத்து, வரிசை எண்ணை ஒவ்வொன்றின் மேலும் காகித டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஏற்கெனவே உடைந்த ஒன்றிலிருந்து தொடங்கி, இணைப்புக் காரையை ஆக்சா பிளேடால் அறுத்தபின், மெல்லிய தகட்டைப் பின்னால் நுழைத்து நகர்த்துங்கள். உளியை நெம்பினால் மூலை தெறிக்கும். சுண்ணாம்புக் காரை விட்டுக்கொடுக்கும்; சிமென்ட் டைல்ஸைவிடக் கெட்டி, அதனால் உடைவது டைல்ஸ்தான்.

கழற்றியதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரின் அளவு ஏறாமல் நிற்கும்வரை தொடருங்கள். கிளேஸ் பொரிந்து நிற்பதை மட்டும் ஊறப்போடக் கூடாது, செதில் கழன்றுவிடும்.

காட்சிக்கு வைக்கும்போது, பலகையில் நேரடியாக எபாக்ஸி பசை கொண்டு ஒட்டினால் பிறகு பிரிக்கவே வராது. விளிம்பில் பஞ்சு வைத்த கொக்கி போதும். சுட்ட நிறம் வெளிச்சத்தில் வெளிறாது. ஆகவே பக்கவாட்டிலிருந்து தாராளமாக விளக்கடிக்கலாம், புடைப்பும் தெரியும். இங்குள்ள அருங்காட்சியகங்கள் இவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது, வரிசைக்கு ஒன்றையாவது திருப்பி வைத்து, எந்த ஊர், எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை என்றும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பாளர்கள் சிலர்,
காரைக்குடி