பத்துப் பேர் ஃப்ளீட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கோலாலம்பூர் அண்ணனுக்கும், டொரண்டோ அக்காவுக்கும், சேலம் தம்பிக்கும், ஞாயிறுதோறும் கூடப் பறந்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் சொல்லி எழுதத்தான் ஆசை. ஆனால் வேலையிடத்தில் ஈவ் ஆன்லைன் என்ற இந்த விண்வெளி விளையாட்டைப் பற்றி மூச்சு விடாதவர்கள் நம்மில் சிலர் உண்டு என்பதால் ஊர்ப் பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அண்ணன் அடுத்த மாதத்திலிருந்து ஃப்ளீட், அதாவது நம் கப்பல் கூட்டம், நடத்தும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுக்கிறார். அதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டிய நன்றி இது. நம் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கி எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈவ் ஆன்லைன் 2003 மே 6 அன்று வெளியானது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனத்தின் விளையாட்டு. சீனாவுக்குத் தனி சர்வர். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே விண்வெளியில்தான் பறக்கிறோம். வெளியே இதற்குப் பெயர் வாங்கித் தந்தவை பெரும் போர்கள். 2014 ஜனவரி கடைசியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டையில் மட்டும் விளையாட்டிலேயே மிகப் பெரியவையான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நானும் உள்ளே வந்தேன். ஆனால் என்னை இங்கேயே இருக்கவைத்தது, பத்துப் பேர் சேர்ந்து செய்யும் இன்கர்ஷன்.

2011 தொடக்கத்தில் விளையாட்டுக்குள் வந்தவை இந்த இன்கர்ஷன்கள். விளையாட்டே இயக்கும் எதிரியான சான்ஷா படை ஒரு விண்மீன் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அதன் செல்வாக்கு ஏறியிருக்கும்வரை நம் கப்பல்களின் தாக்கும் பலமும் தாங்கும் பலமும் குறையும். ஆட்கள் சேர்ந்து ஒவ்வொரு தளமாக அழிக்க அழிக்க அந்தச் செல்வாக்கு இறங்கும். வான்கார்ட் தளத்துக்குச் சுமார் 10 பேர், அசால்ட்டுக்கு 20 பேர், ஹெட்குவார்ட்டர்ஸுக்கு 40 பேர் என்று கணக்கு. ஆள் அதிகமானால் கிடைக்கும் பங்கு குறையும், குறைந்தால் உயிருக்கே ஆபத்து. வெடித்த கப்பல் வெடித்ததுதான், திரும்பி வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த சான்ஷா கப்பல்கள் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு அடிப்பதில்லை. நொடியில் இலக்கை மாற்றும். இந்த நிமிடம் தம்பியின் கப்பல், அடுத்த நிமிடம் உங்கள் கப்பல். அடியை வாங்கிக்கொள்ள ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்னால் நிம்மதியாகச் சுடுவதெல்லாம் இங்கே நடக்காது. பத்துப் பேரில் யாரும் அடி வாங்கலாம் என்ற நிலையில், அந்தப் பத்துப் பேரையும் காக்கும் வேலை, மற்றவர்களின் ஷீல்டை (கப்பலின் காப்புக் கவசத்தை) ஏற்றிக்கொடுக்கும் லாஜி கப்பல் ஓட்டும் இரண்டு மூன்று பேருடையது. அந்த வேலையைத்தான் நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி டொரண்டோ அக்காவுக்கு. சர்வர் தினமும் 11:00 யூடிசிக்கு மூடித் திறக்கும்; இந்தியாவில் நமக்கு அது மாலை நாலரை. ஒரு மணி நேரம் கழித்து ஐந்தரைக்கு நாம் கூடும்போது கோலாலம்பூரில் இரவு எட்டு, டொரண்டோவில் காலை எட்டு. குளிர்காலம் வந்தால் அக்காவுக்கு ஏழு மணியே. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து வந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பாடம் எடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அக்கா என்னை நேராகப் பாசிலிஸ்க் என்ற பெரிய லாஜி கப்பலில் ஏற்றவில்லை. முதலில் ஆஸ்ப்ரே. விலை குறைந்த லாஜி கப்பல், போனாலும் மனசு வலிக்காது. எதிரியே இல்லாத இடத்தில் இரண்டு ஆஸ்ப்ரேக்களை நிறுத்தி, கேப் செயினை, அதாவது கப்பல்கள் ஒன்றுக்கொன்று மின்சாரம் அனுப்பிக்கொள்ளும் சங்கிலியை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினார். விஷயம் இதுதான்: மற்றவர்களின் ஷீல்டை ஏற்றும் கருவிகள் நம் கப்பலின் மின்சேமிப்பை உறிஞ்சிவிடும். தனியாக ஒரு பாசிலிஸ்க் அத்தனை கருவிகளையும் ஓட்டிக்கொண்டு நெடுநேரம் தாங்காது. ஆனால் இரண்டு பாசிலிஸ்குகள் ஒன்றுக்கொன்று மின்சாரம் அனுப்பிக்கொண்டால் தாங்கும். இந்த வகைக் கப்பலுக்கு இருக்கும் சலுகையால், அனுப்புபவருக்கு ஆகும் செலவைவிட வாங்குபவருக்குச் சேர்வது அதிகம். நான் உங்களுக்குக் கொடுக்கிறேன், நீங்கள் எனக்குக் கொடுக்கிறீர்கள், இருவரிடமும் மிச்சம் இருக்கிறது. இந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் செய்த மிக அழகான காரியம் இது என்று நான் இன்றும் நினைக்கிறேன். மூன்று நான்கு பாசிலிஸ்க் இருந்தால் பெயரின் அகர வரிசைப்படி மேலே இருப்பவருக்கு ஒன்று, கீழே இருப்பவருக்கு ஒன்று. கடைசி ஆள் முதல் ஆளோடு சேர்ந்து வட்டம் முடியும். தளத்துக்குள் இறங்கியதும் முதல் வேலை சக லாஜிகளை லாக் செய்து (குறியில் எடுத்து) செயினைப் போடுவது. மற்றதெல்லாம் அப்புறம். "செயின் நிக்குதான்னு பாரு, அப்புறம் ஊரைப் பாரு" என்று அக்கா சொல்வது இப்போதும் என் காதில் இருக்கிறது.

கோலாலம்பூர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு மாதிரி. அவரிடம் நான் கற்றது நேரத்தோடு உதவி கேட்பது. எதிரி நம்மை லாக் செய்யும்போது பட்டியலில் மஞ்சள் கட்டம் மின்னும். சுட ஆரம்பித்ததும் அது சிவப்பாகும். நாலைந்து மஞ்சள் கட்டங்கள் ஒன்றாக வந்தால் அடி விழுவதற்கு முன்பே ஷீல்டு வேண்டும் என்று பொத்தானை அமுக்கி ஃப்ளீட் முழுவதற்கும் பிராட்காஸ்ட் செய்யச் சொல்வார் அண்ணன். ஷீல்டு பாதியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கணக்கு எளிது. நீங்கள் பொத்தானை அமுக்கி, அது எனக்குத் தெரிந்து, நான் லாக் செய்து முடிக்கவே சில நொடிகள் ஓடிவிடும். அந்த நொடிகளை முன்கூட்டியே கொடுத்தால் கப்பல் பிழைக்கும். புதிதாக வருபவர்கள் பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள், சும்மா தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்குவார்கள். அண்ணன் அந்தக் கூச்சத்தைப் பேச்சால் போக்கவில்லை. ஒவ்வொரு தளத்திலும் முதல் பிராட்காஸ்ட் அவருடையதாகவே இருக்கும். ஃப்ளீட் நடத்துபவரே தயங்காமல் கேட்கிறார் என்று பார்த்த பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

குரலில் பேசுவதற்கும் அவர் வைத்த ஒழுங்கு உண்டு. வழியில் எத்தனை கதை வேண்டுமானாலும் பேசலாம், இளையராஜா பற்றிச் சண்டை போடலாம். "பிரேக் பிரேக்" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தக் கணமே அத்தனை பேரும் வாயை மூட வேண்டும். அதைச் சொல்லும் உரிமை அண்ணனுக்கு மட்டுமில்லை, வந்து ஒரு வாரமான ஆளுக்கும் உண்டு. எதிரியின் ஜாம் பட்டு லாக் எல்லாம் போய்விட்ட லாஜி "ஜாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த லாஜி கேள்வி கேட்காமல் அவருடைய ஆட்களையும் எடுத்துக்கொள்வார். ஷீல்டு கேட்பதைக் குரலில் சொல்லாமல் பிராட்காஸ்டில் மட்டும் வைத்துக்கொண்டதால்தான் அந்த ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது.

சேலம் தம்பி, உனக்கு. எண்ணும் எழுத்துமாய் டேக் போட்டு எதிரியை வரிசைப்படுத்துவது அண்ணன் என்றாலும், எல்லோருடைய ட்ரோன்களையும் உன் கையில் வாங்கிக்கொண்டு குறிவைத்தது நீதான். பத்துப் பேர், ஆளுக்கு 5 ட்ரோன், மொத்தம் 50; ஒருவருக்கு அசிஸ்ட் கொடுக்க விளையாட்டு அனுமதிக்கும் உச்சமும் அதுதான். அத்தனையும் ஒருவன் கண்ணை நம்பிப் போகும்போது நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்க முடிந்தது. லாஜி ஓட்டுபவருக்குச் சண்டையே கண்ணில் படாது, பட்டியல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். வெளியே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடிந்ததென்றால் அதற்கு நீ காரணம். ஃப்ளீட் நடத்த உன்னைவிடத் தகுந்த ஆள் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அண்ணாவையும் சொல்ல வேண்டும். நேஷன் மைனிங் காலனி தளத்தில் சண்டைக்கு நடுவே ஒருவர் கனிமம் வெட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் என்று பல ஃப்ளீட்டுகள் அந்தத் தளத்தையே தவிர்த்துவிடும். வேறு தளம் கிடைக்காத நாட்களில் யாரும் கேட்காமலே மைனிங் கப்பலை எடுத்து வந்து நின்றவர் அவர்.

இனி அந்த ஐப்பசி மழை நாள். திருவாரூரில் ஐந்தாறு மணி நேரமாக விடாத மழை. நாம் வான்கார்டில் பாதி தளம் தாண்டியிருந்தபோது தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இணைப்பு அறுந்தால் கப்பல் தானாகத் தப்பிப் பறக்கப் பார்க்கும், ஆனால் எதிரி பிடித்து வைத்திருந்தால் நகர முடியாது. என் பாசிலிஸ்க் ஓட்ட ஆளில்லாமல் நடுவிலே நின்றது. செயினும் அறுந்தது; அடுத்த பாசிலிஸ்கில் இருந்த அக்காவுக்கு வரவேண்டிய மின்சாரமும் நின்றது. பிறகு நீங்கள் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. அக்கா தன்னிடம் மிஞ்சியிருந்த மின்சாரத்தைக் கணக்குப் பார்த்து ஷீல்டு ஏற்றும் ரெப் கருவிகளில் இரண்டை அணைத்தார். செயின் இல்லாமலே ஓடக்கூடிய ஸ்கிமிட்டர் என்ற லாஜி கப்பலை ஓட்டிய பினாங்கு நண்பர் மற்ற அத்தனை பேரின் ஷீல்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அண்ணன் டேக்குகளை எல்லாம் அழித்துவிட்டு, என் கப்பலைப் பிடித்திருந்த சிறு கப்பல்களுக்கு முதலில் போட்டார். தம்பி தன் கையிலிருந்த ட்ரோன்களையெல்லாம் அங்கே திருப்பினான். பிடி விட்டதும் என் கப்பல் தானே பறந்து தப்பியது. ஏழரை மணிக்கு கரண்ட் வந்து நான் திரும்ப நுழைந்தபோது, "மழை விட்டுதா?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார்.

லாஜியில் ஒரு ஸ்கிமிட்டர் எப்போதும் இருக்கட்டும் என்று அண்ணன் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. லாஜிகள் எல்லாமே பாசிலிஸ்காக இருந்தால் எண்கள் இன்னும் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் பத்துப் பேரில் யாராவது ஒருவர் வீட்டில் கரண்ட் போகும், குழந்தை அழும், கதவு தட்டும். அதையும் சேர்த்து யோசித்த திட்டத்தைத்தான் நான் நல்ல திட்டம் என்பேன். ஒருவர் இல்லாமல் போனாலும் ஃப்ளீட் நிற்கும்படி முன்பே ஏற்பாடு செய்து வைத்த அண்ணனுக்கு, இந்த ஒன்றுக்காகவே தனியாக ஒரு நன்றி.

மாமா ஒருவர், அவரே தன்னை அப்படித்தான் அழைக்கச் சொல்வார், எனக்கு முதல் பாசிலிஸ்கைக் கடனாகக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை, காலம் சொல்லவில்லை. மாமா, கணக்கு தீர்ந்துவிட்டது, நன்றி தீரவில்லை.

கோலாலம்பூர் அண்ணா, ஓய்வு எடுங்கள், பிள்ளைகளோடு இருங்கள். ஞாயிறு ஐந்தரைக்கு மனம் தோன்றும்போது வெறும் துப்பாக்கிக் கப்பலோடு வந்து நில்லுங்கள், டேக் போடும் கவலை இல்லாமல் சுடுங்கள். ஷீல்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

லாஜி கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. மாதச் சந்தா கட்டாத ஆல்ஃபா கணக்கிலேயே ஆஸ்ப்ரே ஓட்டலாம், அதிலிருந்து தொடங்கலாம். கருவிகள் பொருத்திய இரண்டு ஆஸ்ப்ரேக்களை விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவில் வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன். வரும் ஞாயிறு நாலே முக்காலுக்குச் செயின் பயிற்சி; அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
திருவாரூரிலிருந்து உங்கள் லாஜி