பாளையங்கோட்டையில் கை கொடுத்த தம்பிக்கு

1988-ல் ஒடிசாவில் சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்தில் சேர்ந்து, லோனாவ்லா ஐஎன்எஸ் சிவாஜியில் தொழில் படித்து, 15 வருஷம் கடற்படையில் இருந்தேன், அதில் முக்கால்வாசி ஐஎன்எஸ் விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் பாய்லர் அறைதான். வெந்த கைகள். ஊருக்கு வந்த பிறகும் ஒரு மில்லில் பாய்லர் வேலையே பார்த்ததால் விரலில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

நவம்பர் வந்தால், முப்படையினரின் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் ஆயுள் சான்று கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். போன வாரம் ஒரு சேவை மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பதியவில்லை. "நாளைக்கு வாங்க"ன்னு மூன்றாவது நாளாகச் சொல்லிவிட்டார்கள். கப்பலில் ஒருநாளும் கலங்காதவன், அந்த வாசல்படியில் உட்கார்ந்து கலங்கிவிட்டேன்.

அப்போதுதான் வரிசையில் நின்ற ஒரு தம்பி வந்து, "அண்ணாச்சி, ரேகை வேண்டாம், முகத்தை வைத்தே எடுக்கலாம்" என்றான். வெயில் படாத வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய், என் போனிலேயே ஆப்பை இறக்கி, என் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "இப்ப கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்க" என்றான். இரண்டு தடவை தப்பியது, மூன்றாவதில் சான்று எண் வந்துவிட்டது.

பெயர் கேட்டேன், சிரித்துக்கொண்டே வண்ணார்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். தன் முறையை விட்டுவிட்டுத்தான் எனக்காக வந்திருக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ரொம்ப நன்றி தம்பி. இந்த மாதப் பென்ஷன் நேற்று வந்துவிட்டது.