உயரக் கூரை பல்பு மாற்றும் கோல்: கழலும் பூட்டும் பொருந்தாத பிடிப்பானும்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மூன்று துண்டு அலுமினிய நீட்டுக்கோலின் வடிவமைப்புக் குறைகள், மாற்றுப் பொருள் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இ27 திருகு பல்புகளை மாற்ற உங்கள் நீட்டுக்கோலை வாங்கினேன். பெட்டியின் மேல் ‘ஏணி தேவையில்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கோல் பாதி வேலையில் கைவிட்டு, கடைசியில் ஏணியில்தான் ஏற வைக்கிறது.

முதல் குறை, நீட்டிய குழாய்த் துண்டுகளை நகராமல் நிறுத்தும் திருகு பூட்டில். அடிக்குழாயை வலப்பக்கம் திருகினால் இணைப்பு இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். கீழே நின்று பல்பைக் கழற்றுவதும் இடப்பக்கம் திருகித்தான். வருடக்கணக்கில் இருந்த பல்பு ஹோல்டரை இறுகப் பிடித்திருக்கும். அதனால் பல்பு அசைவதற்கு முன்பே பூட்டு கழன்றுவிடுகிறது. மேல்துண்டு சரசரவென்று கீழே இறங்கி, பிடித்திருப்பவர் விரல்மேல் வந்து இடிக்கிறது. புது பல்பை மாட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. அப்போது திருகுவது வலப்பக்கம் என்பதால் பூட்டு இன்னும் இறுகத்தான் செய்யும். கழற்றிப் பார்த்துச் சோதித்திருந்தால் இது சந்தைக்கு வந்திருக்காது.

தொலைபேசியில் கேட்டதற்கு, இணைப்பில் டேப் சுற்றச் சொன்னார்கள். இழுபடுகிற டேப் முறுக்கைத் தாங்காது. குழாயில் துளையிட்டு, ஸ்பிரிங் பொத்தான் வெளியே தள்ளி நிற்கும்படி செய்யலாம். வட்டக் குழாய்க்குப் பதிலாக அறுகோணக் குழாய் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று சுழலவே வழியில்லை.

இரண்டாவது குறை இதைவிட ஆபத்தானது. சாதாரண எல்இடி பல்பின் வெள்ளை மூடி பிளாஸ்டிக். அடிப்பகுதியோடு பசையால் ஒட்டப்பட்டது. கோலின் நுனியில் பல்பைக் கவ்வும் உங்கள் பிடிப்பானின் நான்கு விரல்களும் குட்டை. அவை அந்த மூடியை மட்டுமே கவ்வுகின்றன, கழுத்துவரை போவதில்லை. திருகினால் ‘படக்’கென்று மூடி மட்டும் கையோடு வருகிறது. எல்இடி தகடு திறந்தபடி, மிச்ச பல்பு ஹோல்டரிலேயே நிற்கிறது. அதைக் கவ்வ இந்தக் கோலில் வேறு வழியில்லை. பல பல்புகளில் அந்தத் தகடு வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்படாதது. மின்சாரம் இருக்கும்போது தொட்டால் ஷாக் அடிக்கும். கோலோ அடிமுதல் நுனிவரை அலுமினியம், கைப்பிடியில் ரப்பர் உறைகூட இல்லை. மூடியைத் தாண்டி அடிப்பகுதியைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் நீளமாக இருக்க வேண்டும். உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும்.

உடன் வந்த உறிஞ்சு கிண்ணம் தட்டை முகமுள்ள ரிஃப்ளெக்டர் பல்புக்குச் சரி. அதிலும் முதலில் தூசியைத் துடைக்க வேண்டும், பல்பை மாட்டியபின் காற்றை உள்ளே விட ஒரு இழுகயிறும் வேண்டும். துடைப்பதற்குத் துணிமுனை இல்லை, கயிறும் இல்லை. உருண்டை பல்பில் கிண்ணத்தின் விளிம்பு படியவே படியாது. ‘எல்லா பல்புக்கும்’ என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். பி22 வகை பல்பை, அதாவது திருகுக்குப் பதில் பக்கவாட்டில் இரண்டு ஊசி உள்ளதை, மேலே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். முழுசாக நீட்டினால் வளைகிற கோலால் நேராக அழுத்த முடியாது.

மூன்றாவது, செய்முறைத் தாள். ‘சுவிட்சை அணைக்கவும்’ என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். உயரக் கூரை விளக்கு பெரும்பாலும் மாடிப்படிமேல் இருக்கும், கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு சுவிட்ச் இருக்கும். அங்கே எந்தப் பக்கம் அழுத்தினால் ஆஃப் என்று சுவிட்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல்பும் எரியாததால் அதை வைத்தும் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த விளக்குக்கான எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதே மின்சுற்றில் எரிகிற வேறொரு விளக்கு அணைவதைப் பார்த்தபின், பல்பு ஆறும்வரை காத்திருக்கவும் சொல்ல வேண்டும்.

தாளின் படத்தில் ஒருவர் மடக்கு ஏணியின் உச்சித் தட்டில் நின்று, இரு கையாலும் கோலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பிடித்துக்கொள்ள அவருக்கு எதுவும் இல்லை. மேலே பார்த்தபடி திருகும்போது உடல் எந்தப் பக்கமும் சாயும். ஏணி வேண்டாம் என்று விற்கும் பொருளுக்கு இந்தப் படம் எதற்கு? உடனே நீக்குங்கள்.

என் கோரிக்கைகள்: பொத்தான் பூட்டும் நீளமான பிடிப்பானும் உள்ள கோலை 15 நாளுக்குள் மாற்றித் தாருங்கள், அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இதே கோலை வாங்கிய மற்றவர்களுக்கு, திருகு பூட்டு கழலும் என்பதையும் எல்இடி மூடி பிய்ந்து வரும் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். திருத்திய தாளின் நகல் ஒன்றையும் எனக்கு அனுப்புங்கள்.

பிய்ந்து வந்த மூடியின் படமும் ரசீது நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்