சின்னவனோட அந்த டிரா ஆன செஸ் கேம் பத்தி

மாப்ள,

நல்லா இருக்கியா? இங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் விட்டுட்டு இருக்கோம். மத்தபடி எல்லாரும் சௌக்கியம்.

உன் சின்னவன் விளையாடி நீ அனுப்பின கேமையும் பார்த்தேன், அதுகூட வந்த உன் வாய்ஸ் நோட்டையும் கேட்டேன். பதினொரு வயசுப் பையனைப் பத்தி ஒரு அப்பா பேசுற பேச்சாடா அது? "கையில இருந்த கேமை விட்டுட்டான், தைரியம் பத்தல, அட்டாக் பண்ணவே மாட்டேங்குறான்". எனக்கு கோவமே வந்துடுச்சு. நீ சொல்றதுக்கு நேர் எதிர்தான் அங்க நடந்திருக்கு, பையன் அவசரப்பட்டு அட்டாக் பண்ணதாலதான் அது டிரா ஆச்சு. அதைப் போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசி என்னை முடிக்கவே விடமாட்ட, அதான் எழுதறேன்.

போர்டை எடுத்து வச்சுக்கோ, எழுத்து நேர்வரிசை, நம்பர் குறுக்குவரிசை. முப்பதாவது மூவ். எதிராளி கறுப்பு, அவனுக்கு டி5ல தனிச்ச பான், அதாவது பக்கத்துல துணைக்கு ஆள் இல்லாத சிப்பாய், அதுக்குக் காவலா இ6ல ஒரு சோம்பேறி பிஷப் (மந்திரி), சி8ல ரூக் (யானை). நம்மாள் வெள்ளை, அவனுக்கு டி4ல குதிரை, டி1ல ரூக், ராஜா ஜி1ல. பான் கணக்கு சமம். ஆனா பார்த்த உடனே தெரியும், வெள்ளைதான் விளையாடணும், கறுப்பு காத்துட்டு உக்காரணும். இந்த நிலைமை வரைக்கும் கொண்டு வந்தான் பாரு, அதுவே சின்ன விஷயம் இல்ல, நம்ம ரெண்டு பேரும் அந்த வயசுல இப்படி ஒரு பொசிஷன் கனவுலயும் பார்த்ததில்ல.

அப்புறம் அவன் குதிரையை இ2க்கு எடுத்தான், அங்கேருந்து எஃப்4 போய் டி5ஐ அடிக்கலாம்னு. அந்த டி4 குதிரை ரெண்டு வேலை பார்த்துட்டு இருந்துச்சு மாப்ள. பானை நகரவிடாம நிறுத்தி வச்சது ஒண்ணு, சி2 கட்டத்தைக் காவல் காத்தது இன்னொண்ணு. குதிரை கிளம்பின அடுத்த மூவே ரூக் சி2க்கு வந்து குதிரையையும் பி2 பானையும் ஒண்ணா புடிச்சுது. டி5 கிடைச்சுது, பி2 போச்சு, ராஜாவும் ரூக்கும் பானும் மட்டும் மிச்சமான ரூக் எண்டிங், அஞ்சு பான் அஞ்சு பான், கை குலுக்கிட்டாங்க.

நீ கேப்ப, அப்போ என்னதான் பண்ணியிருக்கணும்னு. ராஜாவை நடக்க விடணும்டா! எஃப்1, இ2, டி2. அவ்ளோதான். கறுப்பால இந்த மூணு மூவ்ல உருப்படியா ஒண்ணுமே பண்ண முடியாது. ராஜா டி2 வந்ததும் சி2 காவலை அது எடுத்துக்கும், குதிரைக்கு விடுதலை, அப்புறம் ரூக்கை சி1ல வச்சு "மாத்திக்கலாமா"ன்னு கேக்கலாம். மாத்தினா அந்த சோம்பேறி பிஷப்போட கறுப்பு காலம் பூரா கஷ்டப்படணும், மாத்தலன்னா சி ஃபைல், அந்த நேர்வரிசை பூரா, நம்மளுது. நானும் பாப்பாவும் இதே பொசிஷனை வச்சு நேத்து ராத்திரி விளையாடிப் பார்த்தோம், அவ கறுப்பு. "அப்பா எனக்கு மூவே இல்லப்பா"ன்னு கத்துறா. அந்த நிலைக்கு எதிராளியைக் கொண்டு வர்றதுதான் முதல் வேலை, பான் அடிக்கிறது அப்புறம்.

கடிகார மாமா அந்தக் காலத்துலயே இதைத்தான் சொல்லிட்டு இருந்தாரு, நாம அவரை ஓட்டிட்டு இருந்தோம்.

இன்னொரு விஷயம். ஒரே ஒரு பலவீனத்தை வச்சு நல்ல ஆளை ஜெயிக்கிறது கஷ்டம், அவன் எல்லாத்தையும் கொண்டு வந்து அங்கயே முட்டுக் குடுத்துடுவான். ரெண்டாவது இடத்துல ஒண்ணு கிளப்பணும். 1927ல பியூனஸ் அயர்ஸ்ல நடந்த உலக சாம்பியன் மேட்ச்ல, அப்போ சாம்பியனா இருந்த கபபிளாங்காவை அலெகைன் ஜெயிச்ச 34வது கேமைப் பையனுக்குக் காட்டு. ரூக் எண்டிங், அலெகைனுக்கு ஏ ஃபைல்ல ஒரு பான் கூடுதல். அதையே தள்ளித் தள்ளிப் பார்க்காம, கபபிளாங்காவை அந்தப் பக்கம் கட்டிப் போட்டுட்டு ராஜாவை எதிர்ப்பக்கம் இருக்கற கிங் சைடுக்குக் கூட்டிட்டுப் போய் அங்க இருக்கற பானுங்களைக் குறி வைப்பாரு. 82 மூவ். அந்த கேமோட உலக சாம்பியன் பட்டமே கை மாறிச்சு.

2013ல நம்ம சென்னையில ஹையாட்ல நடந்த ஆனந்த்-கார்ல்சன் உலக சாம்பியன் மேட்சை மறந்திருக்க மாட்ட, அஞ்சாவது கேம் அன்னிக்கு நீ சாப்பிடவே இல்ல. கார்ல்சன் அன்னிக்கு மேஜிக் ஒண்ணும் பண்ணல. டிரா ஆகக்கூடிய ரூக் எண்டிங்கை வச்சுட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னு உக்காந்தான், 45வது மூவ்ல ஆனந்த் ரூக்கை சி1ல வச்சு செக் குடுத்தாரு, ஏ1 போயிருந்தா டிரா புடிச்சிருக்கலாம். மறுநாள் ஆறாவது கேம்லயும் அதே கதை, 60வது மூவ்ல ஒரு ரூக் மூவ், முடிஞ்சுது. அப்போ நாம ஆனந்துக்கு வயசாயிடுச்சுன்னு பேசினோம். இப்போ அந்த ரெண்டு கேமையும் போட்டுப் பார்த்தா எனக்குத் தெரியறது வேற, எதிராளி மணிக்கணக்கா சரியான மூவாவே கண்டுபிடிச்சுட்டு இருக்கணும், ஒரே ஒரு தடவை தவறினா போதும், அந்தச் சுமையை எறக்கி வைக்கவே கார்ல்சன் விடல. 2021 துபாய் உலக சாம்பியன் மேட்ச்ல அவன் நெப்போம்னியாச்சியை 136 மூவ் உக்கார வச்சதும் இதேதான்.

குகேஷ் 2024 சிங்கப்பூர்ல டிங்கோட ஆடின உலக சாம்பியன் மேட்ச்ல, கடைசி கேம்ல பண்ணதும் இதுவே. ஒரு பான் கூட, ஆனா எல்லாரும் டிரான்னு எழுதிட்டாங்க. நம்ம குகேஷ் விளையாடிட்டே இருந்தான். 55வது மூவ்ல டிங் ரூக்கை எஃப்2ல வச்சாரு, அவரோட பிஷப் ஏ8 மூலையில நிக்குதுங்கறதைக் கவனிக்கல, குகேஷ் ரூக்கையும் மாத்தி பிஷப்பையும் மாத்திட்டான், மிச்சம் வெறும் பான் எண்டிங், அதுல அந்த ஒரு பானே ஜெயிக்கப் போதும். 18 வயசு! நான் ஆபீஸ்ல பாத்ரூம்ல போய் அழுதேன், உனக்குத் தெரியும்.

அதனால தயவு செஞ்சு பையன்கிட்ட தைரியம் அது இதுன்னு பேசாத. அந்த வயசுல ஒருத்தன் மனசுல அது ஒட்டிக்கிச்சுன்னா, நல்ல பொசிஷன் வந்தாலே பயந்து போய் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பான். எனக்கு அதுதான்டா கவலை, கேம் போனது இல்ல. கேம் முடிஞ்சு வெளிய வரும்போது உன் மூஞ்சியைத்தான் அவன் முதல்ல பார்க்கறான்.

பயிற்சிக்கு ஒண்ணு சொல்றேன். தினம் பசில் போட்டுத் தள்ளுறதைப் பாதியாக் குறைச்சுட்டு, இந்த மாதிரி கொஞ்சமா நல்லா இருக்கற பொசிஷனை எஞ்சினுக்கு (செஸ் ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம்) எதிரா முழுசா விளையாடச் சொல்லு. ஒவ்வொரு மூவுக்கு முன்னாடியும் "அவனுக்கு இப்ப என்ன வேணும்?"னு வாய் விட்டுச் சொல்லணும். முதல்ல இதே சி2 பொசிஷன். டோர்னமெண்ட்ல ஒரு மூவுக்கு முப்பது செகண்ட் கடிகாரத்துல சேருது, அதை வச்சு ராஜாவை நிதானமா நடத்தலாம், யாரும் துரத்தல.

பொங்கல் லீவுக்கு அவனை இங்க அனுப்பு. பாப்பாவும் ஆள் கிடைக்காமத்தான் தவிக்கிறா. பஸ் ஏத்தி விட்டா போதும், நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன். அடுத்த டோர்னமெண்ட் எந்த ஊரு, என்னிக்குன்னும் எழுது. கடிகார மாமா நம்பர் உன்கிட்ட இருந்தா அதையும் சேத்து அனுப்பு, என்கிட்ட இருக்கறது பழசு, போக மாட்டேங்குது.

உன்
மாப்ள